தனியாக நின்ற புள்ளி

சீடருக்கு வயது ஐம்பத்து மூன்று. குருவுக்கு முப்பத்தொன்று. நாமக்கல் பக்கத்தில் மலையடிவாரத்து அரசுப் பள்ளி ஒன்றில் இது நடந்தது.

சீடர் தணிகாசலம் சார், பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுப்பவர். படித்தது வரலாறு. அசோகர் என்றால் அரை நாள் பேசுவார். புவியியல் வந்தால் மட்டும் புத்தகத்தை வாசித்து, அடிக்கோடு போடச் சொல்லி, தப்பித்துக்கொள்வார். குரு பர்வீன் டீச்சர், பிளஸ் ஒன்னுக்குப் புவியியல் எடுக்க அந்த வருடம்தான் மாற்றலாகி வந்தவர். அவர் வகுப்பில் பிள்ளைகள் ஒரு கல்லை நடுவில் வைத்துக்கொண்டு வாதாடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்த சார், வெட்கத்தை விட்டுப் போய், "எனக்கும் சொல்லிக் குடுங்க டீச்சர்" என்று கேட்டார். அந்த மனசுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

புவித்தட்டுப் பாடம் வந்தபோது டீச்சர் ஒரு பட்டியல் கொடுத்தார். கடலுக்கு அடியில், நடுவாக ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. அதிலிருந்து இரு பக்கமும் எத்தனை கிலோமீட்டர் தள்ளி எடுத்த பாறைக்கு எத்தனை வயது என்ற கணக்கு அதில் இருந்தது.

"பிள்ளைங்க கிராஃப்ல புள்ளி வைக்கட்டும். நடுவுல இளசு, தள்ளிப் போகப் போகப் பழசுன்னு அவங்களே பார்க்கட்டும். தரை நடுவுல பொறந்து ரெண்டு பக்கமும் நகருதுன்னு அவங்க வாயிலிருந்து வரணும். நீங்க முன்னாடியே சொல்லிடாதீங்க சார்."

"சத்தியமாச் சொல்ல மாட்டேன் டீச்சர்."

சார் அந்தப் பட்டியலைத் தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு வாரம் கழித்து மதிய இடைவேளையில், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே வந்து டீச்சர் எதிரில் உட்கார்ந்தார்.

"சுபிக்ஷா நாலு நாளாக் கேள்வியே கேக்கறதில்லைங்க டீச்சர்."

சுபிக்ஷா ஒரு பீரியடுக்கு ஐந்து கேள்வி கேட்கிற பிள்ளை. பாதிக்குச் சாருக்குப் பதில் தெரியாது. வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு மறுநாள் வந்து சொல்வார். ஐம்பது வயதுக்கு மேல் அவரை மறுபடி படிக்க வைத்தவள் அவள்தான்.

"என்ன நடந்துச்சு சார்?"

"புள்ளைங்க தடுமாறக் கூடாதேன்னு, கோடு எப்படி வரும்னு போர்டுல ஒருக்காப் போட்டுக் காட்டிட்டேனுங்க."

டீச்சர் தன் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தார்.

"தப்புத்தானுங்க. முப்பத்தெட்டுப் பேர்ல முப்பத்தேழு பேருக்கு அப்படியே வந்துச்சு. இவளுக்கு மட்டும் ஒரு புள்ளி எங்கயோ மேல நிக்குது. 'கண்ணு பொடனியிலயா இருக்கு'ன்னு கேட்டுட்டேன். நானே ரப்பர்ல அழிச்சு, சிவப்பு மையில சரியான இடத்துல வச்சுக் குடுத்தேன். கிளாஸே சிரிச்சுது. நானுந்தான் சிரிச்சேன். அவளை மறுபடி எப்படிப் பேச வைக்கிறதுங்க?"

டீச்சர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். ஒரு புதுக் கிராஃப் தாளையும் பென்சிலையும் எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"பிள்ளைங்களுக்கு எழுதிக் குடுத்தீங்களே, அந்தச் சீட்டைப் பார்த்து நீங்க ஒரு தடவை வையுங்க சார்."

சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஆரம்பித்தார். நானூறு கிலோமீட்டர், இரண்டு கோடி ஆண்டு. எண்ணூறு கிலோமீட்டர், நாலு கோடி. மளமளவென்று புள்ளி விழுந்தது.

"எண்ணூறுக்கு எவ்வளவு போட்டீங்க?"

"நாலு கோடிங்க."

"சீட்டைப் பாருங்க."

பார்த்தார். பதினாலு கோடி என்று இருந்தது. எழுதும்போது நாலுக்கு முன்னால் ஒரு ஒன்று கூடுதலாக விழுந்திருக்கிறது. அவர் கையெழுத்தேதான்.

"இப்ப வையுங்க."

வைத்தார். அந்தப் புள்ளி கோட்டை விட்டு மேலே போய்த் தனியாக நின்றது. நாலு நாளைக்கு முன் அவர் ரப்பரால் அழித்த அதே இடம்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

"பொடனியில கண்ணு எனக்குத்தானுங்க" என்றார். "அவளைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிடட்டுங்களா டீச்சர்?"

"நீங்க சிரிச்சப்ப அவ தனியாவா சார் இருந்தா?"

அன்று கடைசி பீரியட் பத்தாம் வகுப்பு. சார் சீட்டைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதுல பதினாலுன்னு தப்பா எழுதினவன் நான். சுபிக்ஷா ஒருத்திதான் சீட்டைப் பார்த்துப் புள்ளி வச்சா. நீங்க எல்லாம் என்னைப் பார்த்து வச்சீங்க. அவளைப் பார்த்து நான் சிரிச்சிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோ சாமி."

ஒருவரும் சிரிக்கவில்லை. சுபிக்ஷா தன் கிராஃப் தாளை எடுத்து விரித்தாள். அழித்த இடத்தில் தாள் தேய்ந்து போயிருந்தது. அதைப் பார்த்தபடியே இருந்தாள். சார் கோடு, புள்ளி என்று ஏதேதோ பேசிக்கொண்டிருந்தாலும் பார்வை அந்தப் பெஞ்சிலேயே இருந்தது. மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் கை பாதி உயர்ந்தது.

"ஏனுங்க சார், இந்தச் சீட்டுல பதினெட்டுக் கோடிக்கு மேல ஒண்ணுமே இல்லைங்களே?"

"இல்லை கண்ணு."

"நம்ம மலைக்கு வயசு இருநூறு கோடிக்கும் மேலன்னு சொன்னீங்க. தரைதான் பொறந்துட்டே இருக்குதுன்னா, அந்தக் காலத்துக் கடல் தரையெல்லாம் எங்கதானுங்க சார் போச்சு?"

விடை புத்தகத்தில் அடுத்த பக்கத்தில் இருக்கிறது. பழைய தரை ஓரத்தில் இன்னொரு தட்டுக்கு அடியில் மடங்கிப் பூமிக்குள்ளேயே போய்விடுகிறது. சாருக்கு அது தலைகீழ்ப் பாடம். வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடினார்.

"நீ என்ன நினைக்கிற சாமி?"

அவ்வளவுதான். கரைஞ்சிருக்கும் என்றான் ஒருவன். பூமி பெருத்துக்கொண்டே போகிறதோ என்றாள் ஒருத்தி. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

பர்வீன் டீச்சர் ஸ்கூட்டியை எடுக்கும்போது சார் அரை ஓட்டமாக வந்து சேர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கேட்டுட்டா டீச்சர்! பழைய தரை எங்க போச்சுன்னு கேட்டுட்டா! நான் வாயே திறக்கலீங்க."

"நல்லது சார்."

"ஆனா தொண்டையில வந்து நிக்குதுங்க. எப்பங்க டீச்சர் நான் அவளுக்கு விடையைச் சொல்லலாம்?"

டீச்சர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

"அவ உங்களுக்குச் சொன்னதுக்கு அப்புறம் சார்."