உப்பளத் தெருவின் அறுபத்தொரு சிவப்பு வீடுகள்

விடை கடைசிப் பத்தியில் இருக்கிறது. முதலிலேயே அங்கே எட்டிப் பார்க்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

ஒரு வேட்பாளரின் பிரசாரத்துக்காக மூன்று பேர் ஓர் இணையச் செயலியை உருவாக்கினார்கள். தொண்டர்கள் வீடு வீடாகப் போய், நம் பக்கம் என்றால் பச்சை, எதிர்ப்பக்கம் என்றால் சிவப்பு என்று செல்போனில் குறிக்க வேண்டும். எந்த போனிலிருந்து குறிப்பு வந்தது என்பதும் கூடவே பதிவாகும். சர்வர் ஜெரால்டின் பொறுப்பு. திரை வடிவம் வஹாபுடையது. வந்து சேரும் தகவல்களை மதிவதனி பார்த்துக்கொண்டாள்.

நாற்பதாயிரம் தொண்டர்கள் ஒரே நேரத்தில் நுழைந்தால் செயலி தாங்குமா? சோதித்துப் பார்க்க, உப்பளத் தெரு வீடுகளுக்குக் கம்ப்யூட்டரையே மனம்போன போக்கில் நிறம் போட வைத்தான் ஜெரால்டு. செயலி தாங்கியது. அந்தச் சந்தோஷத்தில் டீ குடிக்கப் போனவன், பொய் நிறங்களை அழிக்க மறந்துவிட்டான். பிறகு தொண்டர்கள் போன வீடுகளில் நிஜ நிறம் ஏறியது. போகாத வீடுகளில் பொய் நிறமே நின்றது.

அந்தத் தெருவில் இஸ்திரி போடும் சொர்ணத்தின் தள்ளுவண்டியை வேட்பாளரின் ஆட்கள் நாலு பேர் அடித்து நொறுக்கிய பிறகுதான் ஜெரால்டுக்கு அது நினைவுக்கு வந்தது. “நான் சிவப்பாம். யாருக்குப் போடப்போறேன்னு எனக்கே இன்னும் தெரியாதும்மா” என்று மதிவதனியிடம் அழுதாள் சொர்ணம். அவள் வீட்டுக்கு எந்தத் தொண்டரும் போகவே இல்லை.

அன்று மதியம் வேட்பாளரின் வலதுகையான சேவுகப்பெருமாள் அலுவலகத்துக்கு வந்தார். அவர் குரலை உயர்த்தவே மாட்டார். அதனால்தான் அவரைக் கண்டால் ஊரே நடுங்கும்.

“உப்பளத் தெருவுல சிவப்பு எத்தனை வீடு தம்பி?”

“அறுபத்தொண்ணுண்ணே” என்றான் வஹாப்.

“நாலு மணிக்கு வர்றேன், லிஸ்ட் எடுத்து வைங்க. சும்மா பேசிட்டு வருவோம். எங்க அக்கா வீடும் அங்கதான், அப்படியே ஒரு காபி குடிச்சிட்டு வந்துடலாம்.”

அவர் போனதும் மதிவதனி பட்டியலைத் திறந்தாள். அறுபத்தொன்றில் நாற்பது வீடுகளுக்கு எதிரே போன் எண் இல்லை. அவை கம்ப்யூட்டர் போட்டவை. மீதி இருபத்தொன்று, தொண்டர்கள் நேரில் போய்க் குறித்தவை. அந்த அறுபத்தொன்றில் சேவுகப்பெருமாளின் அக்கா வீடும் இருந்தது.

“தப்பு என்னோடது” என்றான் ஜெரால்டு. “எந்த நாற்பது பொய்யின்னு உள்ளதைச் சொல்லிடறேன். அடிச்சா என்னை அடிக்கட்டும்.”

“எதுக்கு அடி வாங்கணும்? எல்லாத்தையும் பச்சையாக்கிடுவோம்” என்றான் வஹாப்.

மதிவதனி இரண்டையும் ஒப்பவில்லை. “தெரு மொத்தமும் குழம்பிப்போச்சு, எது நிஜம்னு பிரிக்கவே முடியாதுன்னு சொல்லுவோம்.”

“பிரிக்கத்தான் முடியுமே! பொய்யின்னு தெரிஞ்சா அவர் உன்னை உயிரோட விடுவாரா?” என்றான் ஜெரால்டு.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

இப்போது சொல்லுங்கள்: இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை: அறுபத்தொன்று என்று காதால் கேட்டுவிட்டுப் போனவரிடம் வஹாபின் பச்சை செல்லாது. ஜெரால்டின் உண்மை நாற்பது வீடுகளைக் காப்பாற்றும். கூடவே, மற்ற இருபத்தொன்றும் நிஜமான எதிரிகள் என்று அவர் கையில் எழுதியும் கொடுத்துவிடும். மதிவதனி சொன்னதே சரி. செருப்புச் சத்தம் நெருங்குவதற்குள் அவள் போன் எண்கள் அத்தனையையும் அழித்தாள். அதன்பின் பிரிக்க முடியாது என்பது பொய்யாக இல்லை. பிறகு பட்டியலை அச்செடுத்து நீட்டி, “தெரு மொத்தமும் குழம்பிப்போச்சு, பிரிக்க முடியல. உங்க அக்கா வீடே சிவப்புன்னு வருது, பாருங்கண்ணே” என்றாள். அவர் வெகுநேரம் அதையே பார்த்தார். அப்புறம் சிரித்தார். “கம்ப்யூட்டருக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு” என்று காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனார். அழிப்பதற்கு முன் அந்த அக்கா வீட்டுக்கு எதிரே ஒரு போன் எண் இருந்ததை மதிவதனி பார்த்திருந்தாள். அதை இன்றுவரை ஜெரால்டிடம்கூட அவள் சொன்னதில்லை.