பலகையில் ஒரு வட்டம்

மலையடிவாரத்தில் ஒரு குளம். குளத்தங்கரையில் நீலாயதாட்சி அம்மாவின் ஆசிரமம். ஆசிரமம் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துவிட வேண்டாம். நாலு ஓட்டு அறைகள், ஓர் அடுப்படி, தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தேக்கு மரத்தளம், அவ்வளவுதான். காலையும் மாலையும் குருவும் சீடர்களும் அந்தத் தளத்தில்தான் உட்காருவார்கள்.

தளத்தைப் பார்த்துக்கொள்பவர் ஆவுடையப்பன். பொதுப்பணித் துறையில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிட இருபத்தைந்து வயது மூத்த சீடர். தை பிறந்ததும், மழையில் வெளுத்து நரைத்துப்போன பலகைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். தேய்த்ததும் ஆளிவிதை எண்ணெய் பூசுவார். அந்த மரத்தில் யாராவது செருப்புக் காலை வைத்துவிட்டால் அவர் போடும் சத்தத்துக்குக் குளத்து மீனெல்லாம் சேற்றுக்குள் போய்விடும்.

இந்தத் தையில் முப்பது பலகைகளைத் தேய்த்து முடித்துவிட்டார். முப்பத்தொன்றாவதில் கை நின்றது.

அந்தப் பலகையின் மேல் ஐப்பசியிலேயே ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்திருந்தார். மற்ற சீடர்கள், "ஐயா அங்க புதையல் வச்சிருக்காரு" என்று கேலி பேசிக்கொண்டே சுற்றி நடந்து போவார்கள். அம்மா மட்டும் ஒன்றும் கேட்டதில்லை.

செங்கல்லை நகர்த்தித் தாளைத் தூக்கினார். பலகை பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பிடித்துக் கிடந்தது. மேலே மழை படாமல் காத்த தாள், அடியிலிருந்து ஏறிய குளத்து ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்திருந்தது. முப்பது வருஷ ஓவர்சீயருக்கு இது தெரியாத சங்கதி இல்லை. ஆனாலும் தாளை விரித்த அன்றைக்கு மனசு கேட்கவில்லை.

"என்ன ஐயா, உக்காந்துட்டீங்க?" என்றபடி அம்மா வந்தார்.

"தேய்க்காம விட்டா பலகை இத்துப் போயிரும் அம்மா. தேய்ச்சா இது போயிரும்."

உள்ளங்கையால் பூசணத்தைத் துடைத்தார். பானையின் அடி அளவுக்கு ஒரு கருகிய வட்டம் தெரிந்தது.

"சண்பகக்கா வச்சதா?"

சண்பகம் அவருடைய மனைவி. ஆசிரமத்துக்கே சமைத்துப் போட்டவர். போன ஆனியில் காய்ச்சலில் இறந்துபோனார்.

"ஆமா, போன பங்குனியில. அன்னைக்கு நீங்க ஊருல இல்ல. எல்லாருக்கும் சுக்குக் காபி போட்டு, கொதிக்கக் கொதிக்கப் பானையோட வந்தா. பிடிதுணி நழுவிட்டு. சட்டுன்னு இங்க வச்சிட்டா. நான் அத்தனை பேர் முன்னால ஏசினேன். தேக்கைப் பாழாக்கிட்டியே, கண்ணு தெரியலையான்னு."

"அக்கா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. குனிஞ்சு கையைக் குளத்துத் தண்ணியில விட்டுக்கிட்டு இருந்தா. மத்தியானம் சோறு பிசையும்போதுதான் பாத்தேன். நாலு விரலும் கொப்புளம்."

எழுபது வயது மனிதர் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் அழுது முடிக்கும்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை எப்படி அம்மா காப்பாத்துறது?"

"திருப்புளியை எடுங்க ஐயா."

இருவருமாக ஸ்குருக்களைக் கழற்றிப் பலகையைத் தூக்கினார்கள். அம்மா முழங்காலிட்டுப் பிரஷ்ஷால் பூசணத்தைத் தேய்த்துக் கழுவினார். மரம் உள்ளே கல் மாதிரி இருந்தது. வட்டமும் போகவில்லை, சூடு அவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது. மூன்று நாள் வெயிலில் காயவைத்தார்கள். பிறகு வட்டம் இருந்த பக்கத்துக்கு அம்மா தானே எண்ணெய் பூசினார். அது ஊறிக் காய்ந்ததும், பலகையைப் புரட்டி வட்டம் அடியில் போகும்படி வைத்தார்.

ஆவுடையப்பன் பதறிவிட்டார். "இனி அதை நான் எப்படி அம்மா பாக்க?"

"மூணு மாசமா என்னத்தைப் பாத்தீங்க ஐயா?"

அவர் பார்த்ததெல்லாம் நாலு செங்கல்லும் ஒரு பிளாஸ்டிக் தாளும்தான். ஸ்குருக்களை ஒவ்வொன்றாக முடுக்கினார். புதிதாக மேலே வந்த பக்கத்தை, மரத்தின் ரேகை ஓடிய போக்கில் அரை நாள் தேய்த்து எண்ணெய் போட்டார். வெயிலே பார்க்காத பக்கம். தேன் நிறத்தில் வந்தது. அந்தத் தளத்திலேயே அழகான பலகை அதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

எண்ணெய் காய ஒரு வாரம் ஆயிற்று. எட்டாம் நாள் காலை எல்லோரும் தளத்தில் கூடினார்கள். ஆவுடையப்பன் முப்பத்தொன்றாவது பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தார். அன்று அம்மாவே அடுப்படிக்குப் போய்ச் சுக்குக் காபி போட்டு, பானையோடு வந்தார். ஆவுடையப்பன் பக்கம் வரும்போது பிடிதுணி நழுவியது. பானையை அப்படியே அந்தத் தேன் நிறப் பலகையின் மேல் டங்கென்று வைத்துவிட்டு, அம்மா கையை உதறினார்.

எல்லோர் கண்ணும் ஆவுடையப்பன் மேல்தான். இப்போது வெடிக்கப்போகிறது என்று ஒருவர் காதைக்கூடப் பொத்திக்கொண்டார்.

ஆவுடையப்பன் துள்ளி எழுந்தார். பானையைத் தாண்டி வந்து அம்மாவின் கையைப் பிடித்துப் புரட்டி, விரல் விரலாகப் பார்த்தார்.

"சுட்டுட்டா? ரொம்பச் சுட்டுட்டா அம்மா?"

அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்ல ஐயா," என்றார். "சண்பகக்காவுக்கும் கேட்டிருக்கும்."