கணவாயில் மாட்டிய நால்வர்

ரோமாபுரிப் படை மலைக் கணவாயில் வசமாக மாட்டிக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும். அந்தப் படையில் நுமேரியஸ், டுல்லஸ், கேசோ, விபியஸ் என்று நாலு பேர் இருந்தது மட்டும் யாருக்கும் தெரியாது. அவர்கள் ஊர்க்காரர்கள் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

நாலு பேரும் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அதுதான் வினை.

கணவாய்க்குள் நுழையும்போது தளபதி முழங்கினார்: "எது நடந்தாலும் முன்னே வைத்த காலைப் பின்னே வைக்கக் கூடாது!"

படை நகர்ந்தது. இவர்கள் நகரவில்லை.

"வலது காலை முன்னே வைத்துவிட்டேன். இப்போது இடது காலை எடுத்து வைத்தால்?" என்று கேட்டான் நுமேரியஸ். நால்வரில் மூத்தவன், நிதானஸ்தன்.

"வலது கால் பின்னே போய்விடும்" என்றான் டுல்லஸ்.

"தேசத் துரோகம்" என்றான் கேசோ.

யோசித்துப் பார்த்து, இரண்டு காலையும் சேர்த்து வைத்துத் தவளை மாதிரித் தத்திப் போனார்கள். பாதி வழி போவதற்குள் முன்னால் போன படை அலறிக்கொண்டு திரும்பி வந்தது. எதிரிகளான சாம்னியர்கள் அந்தப் பக்கம் மரத்தையும் பாறையையும் போட்டு வழியை அடைத்திருந்தார்கள். வந்த வழியையும் அதற்குள் அடைத்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் செங்குத்து மலை.

மூன்றாம் நாள் ரொட்டி தீர்ந்தது. படை சுருண்டு கிடந்தது. இந்த நாலு பேர்தான் தெம்பாக இருந்தார்கள், கவலைப்படத் தெரியாததால். தளபதி அவர்களைக் கூப்பிட்டு, "எப்படியாவது எதிரி கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு வெளியே போய் உதவி கொண்டுவாருங்கள்" என்றார்.

ஒரு கூடை மண் அள்ளினார்கள். கல் கிடந்தால் கண்ணுக்கு ஆகாது என்று விபியஸ் சலித்துக் கொடுத்தான். அவனுக்கு இளகிய மனசு. நேரே எதிரியின் காவலனிடம் போய் நின்றார்கள்.

"ஐயா, கண்ணைக் கொஞ்சம் நன்றாகத் திறங்கள்."

"எதற்கு?"

"மண் தூவ வேண்டும்."

"எனக்கு மட்டுமா?"

"சேச்சே, எல்லாருக்கும்தான். நாங்கள் பாரபட்சம் பார்ப்பதில்லை."

காவலன் கூடைக்குள் எட்டிப் பார்த்தான். "நாங்கள் பன்னிரண்டாயிரம் பேர். ஆளுக்கு இரண்டு கண். இது எந்த மூலைக்குக் காணும்?"

நியாயமாகத்தான் பட்டது. இன்னும் மண் எடுத்துவரத் திரும்பினார்கள். காவலனே கூடையைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டான்.

அவர்கள் மும்முரமாகத் தோண்டிக்கொண்டிருக்கும்போதே தளபதி சரணடைந்துவிட்டார். ஆயுதம், கவசம் எல்லாம் போயிற்று. மூன்று ஈட்டிகளை நுகத்தடி மாதிரிக் கட்டிவைத்து, அதன் கீழே ஒவ்வொருவராகக் குனிந்து போகச் சொன்னார்கள் சாம்னியர்கள். பெரிய பெரிய வீரர்கள் எல்லாம் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள். அதைப் பார்த்து விபியஸும் அழுதான். உயிர் மட்டும் மிச்சம்.

ஊர் எல்லையில் தளபதி நின்றுவிட்டார். "இனி நம்மில் ஒருவனும் ரோமாபுரியில் தலைகாட்டக் கூடாது!"

கட்டளை. நால்வரும் ஒரு வைக்கோல் வண்டியைப் பிடித்து, தலையை உள்ளே புதைத்துக் கால்களை மட்டும் வெளியே நீட்டிப் படுத்துக்கொண்டார்கள். எட்டுக் கால்கள் கம்பீரமாக நகருக்குள் நுழைந்தன.

நுமேரியஸின் மனைவி ஒப்பியா தெருமுனையிலேயே காலை அடையாளம் கண்டுகொண்டாள். உயிரோடு வந்துவிட்டான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, சூடாகக் கஞ்சி கொண்டுவந்தாள்.

"எழுந்து வந்து குடிங்க."

"தலைகாட்டக் கூடாது. உத்தரவு" என்றது வைக்கோல்.

"வாயை மட்டும் நீட்டுங்களேன்!"

வைக்கோலுக்குள் ஆழ்ந்த விவாதம் நடந்தது. வாய் தலையோடு சேர்த்தியா, கழுத்தோடு சேர்த்தியா? பேசித் தீரவில்லை. கடைசியில் நுமேரியஸ், "ஓட்டுக்கு விடுவோம். கழுத்தோடு சேர்த்தி என்கிறவர்கள் காலைத் தூக்குங்கள். ஒப்பியா, எண்ணிச் சொல்லு" என்றான்.

நாலு பேருக்கும் நல்ல பசி. எல்லாக் கால்களும் மேலே போயின.

"எட்டு" என்றாள் ஒப்பியா.

"நாலு பேருக்கு எட்டு ஓட்டா!" என்று கத்தினான் கேசோ. "கள்ள ஓட்டு! தேர்தல் செல்லாது!"

வண்டி அங்கேயே நின்றது. கள்ள ஓட்டுப் போட்டது வலது கால்களா, இடது கால்களா என்று விசாரணை தொடங்கியது. கஞ்சியை வண்டிமாடு குடித்தது.