கேமராவைக் கேமராவால் எடுத்தவர்கள்

முட்டாள்கள் என்றாலே ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு காலத்தில் இருந்தார்கள் என்று கதையை ஆரம்பித்துவிடுகிறார்கள். இதை நான் வன்மையாக மறுக்கிறேன். முட்டாள்கள் போன மாதம் இருந்தார்கள். எங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். அதுவும் நல்ல மார்க் வாங்கிக்கொண்டு இருந்தார்கள்.

எங்கள் புகைப்பட மன்றத்தில் மூன்று பேர். சங்கரபாகம் தலைவர், அருள்தாஸ் செயலாளர், நல்லபெருமாள் பொருளாளர். மூவரும் இரண்டாம் ஆண்டு. உறுப்பினர் என்று ஒருவர்கூடக் கிடையாது. ஏன் என்று கேட்டால், "உறுப்பினர் வந்தா அவங்களுக்கு உக்கார நாற்காலி போடணும்லக்கா" என்பார்கள். மன்றத்தில் வேறு ஒரு குறையும் இல்லை, கேமரா இல்லாததைத் தவிர.

இவர்கள் கையில் எங்கள் தலையெழுத்து போய் மாட்டியது இப்படித்தான். பெண்கள் கபடி அணிக்கு நான் கேப்டன். பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடக்கும் போட்டிக்கு முதல் தடவையாக எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அணியின் குழுப் படம் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மின்னஞ்சலில் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அணி இல்லை, போட்டி இல்லை, ஒன்றும் இல்லை. அன்றைக்குப் பார்த்துப் பெரிய முகூர்த்தம். ஊரில் உள்ள அத்தனை ஸ்டூடியோக்காரர்களும் கல்யாண மண்டபத்தில். எங்கள் பட்டன் போன்களில் எடுத்தாலோ ஆள் எது, கோல்கம்பம் எது என்று சொல்ல முடியாது.

"நம்ம மன்றத்துப் பிள்ளைங்க இருக்கும்போது என்ன கவலை?" என்றார் உடற்கல்வி ஜெசிந்தா மேடம். மேடம் நல்லவர். எல்லோரையும் நம்புவார்.

மூவரும் சனிக்கிழமை காலையிலேயே மீரான் பாய் கடைக்குப் போனார்கள். பாய் இரண்டு சின்ன டிஜிட்டல் கேமராக்களை எடுத்து வைத்தார், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளி.

"தம்பிகளா, கறுப்பு இருட்டுலயும் எடுக்கும். ஆனா பேட்டரி சீக்கிரம் தீந்துரும். வெள்ளி கைக்கு அடக்கம், சட்டைப் பையில போட்டுக்கிட்டு ஊரைச் சுத்தலாம். ஆள் சிரிச்சா தானாவே எடுத்துக்கும். ஆனா கை ஆடுனா படம் ஆடிரும். ரெண்டையும் கொண்டுபோய் நிறை குறையை ஒத்துப் பாருங்க. நல்லதை வச்சுக்கிட்டு மத்ததைத் திருப்பிக் கொடுங்க."

நல்ல மனுஷர், நாலு வார்த்தை நல்லபடியாகத்தான் சொன்னார். யாரிடம் சொன்னார் என்பதுதான் பிழை.

முதல் சோதனை சட்டைப் பை. நல்லபெருமாள் வெள்ளிக் கேமராவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரதவீதி நான்கையும் சுற்றினான். பிறகு பஸ் ஸ்டாண்டு, உழவர் சந்தை, ரயில்வே கேட். மற்ற இருவரும் சாட்சிக்குப் பின்னாலேயே நடந்தார்கள். உச்சி வெயிலில் திரும்பி வந்து, "சுத்த முடியுதுக்கா. பாய் சொன்னது உண்மைதான்" என்றார்கள். வெள்ளிக்கு ஒரு நிறை.

"கறுப்பைச் சுத்திப் பாத்தீங்களாலே?"

"அதைச் சுத்தலாம்னு பாய் சொல்லலியே."

அடுத்தது இருட்டு. வேதியியல் துறையின் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, இடுக்குகளில் துணியை அடைத்துவிட்டு, கறுப்புக் கேமராவால் ஒரு படம் எடுத்தார்கள். பளீரென்று ஒரு வெளிச்சம் அடித்தது. படத்தைப் பார்த்தால் அலமாரி, குடுவை, ஒரு பல்லி எல்லாம் பட்டப்பகல் போலத் தெரிந்தன.

"இருட்டு எங்கலே?" என்றான் சங்கரபாகம்.

"இதுல இல்ல, தலைவரே."

"இருட்டை எடுக்கச் சொன்னா பல்லியை எடுத்திருக்கு. இன்னொண்ணு எடு."

படத்தில் இருட்டு விழட்டும் என்று எடுத்துக்கொண்டே இருந்தார்கள். பேட்டரிதான் விழுந்துகொண்டே வந்தது. கறுப்புக்கு இரண்டு குறை.

மூன்றாவது, கை ஆடினால் படம் ஆடும் என்ற புகார். அருள்தாஸ் வெள்ளிக் கேமராவைப் பிடித்துக்கொண்டு கையை உதறி உதறி வேப்ப மரத்தை எடுத்தான். மூன்று பேரும் திரையையே வெகுநேரம் உற்றுப் பார்த்தார்கள்.

"ஆடுதாலே?"

"இல்ல, தலைவரே. அப்படியே நிக்கி."

"மரம் மரம் மாதிரி இல்லையே?"

"மரம் எப்படி இருந்தா நமக்கென்ன? படம் ஆடுதான்னுதானே கேள்வி?"

"அப்போ பாய் வீணா பழி போட்டிருக்காரு. குறையை அடி."

எஞ்சியது ஒத்துப் பார்க்கும் வேலை. இரண்டையும் ஒத்துப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டையும் படம் எடுத்தாக வேண்டும் அல்லவா? கறுப்பால் வெள்ளியை எடுத்தார்கள். வெள்ளியால் கறுப்பை எடுத்தார்கள். எடுத்தவன் அருள்தாஸ். அவன் கை சும்மாவே ஆடும். கறுப்பு அதைத் தாங்கிக்கொண்டது. அது எடுத்த படத்தில் வெள்ளிக் கேமராவின் திருகாணிகூடத் தெரிந்தது. வெள்ளி எடுத்த படத்திலோ கறுப்புக் கேமரா சாம்பாரில் ஊறிய வடைபோலக் கிடந்தது.

மூவரும் என்னிடம் ஓடி வந்தார்கள்.

"தெளிஞ்சிட்டுக்கா! வெள்ளி எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு பாருங்க. கறுப்பு ஒரே மங்கல். வெள்ளிதான் நல்ல கேமரா."

"எலே, அந்தப் பளிச்சுப் படத்தை எடுத்தது கறுப்புலே!"

"எடுத்தது யாருன்னு எதுக்குக்கா பாக்கணும்?" என்றான் சங்கரபாகம் பொறுமையாக. "கல்யாண ஆல்பத்துல பொண்ணு அழகா இருந்தா பொண்ணைத்தானே மெச்சுவோம்? போட்டோக்காரருக்கா தாலி கட்டுவோம்?"

நான் பேச்சுப் போட்டியில் வருஷா வருஷம் கோப்பை வாங்குகிறவள். ஹாஸ்டல் வார்டனே என்னோடு வாதத்துக்கு வர மாட்டார். அந்தத் தாலிக்கு மட்டும் இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

நாலரை மணிக்கு மைதானத்தில் எங்கள் அணி இரண்டு வரிசையாக நின்றது. கறுப்புக் கேமராவை ஏற்கெனவே பெட்டியில் போட்டுச் சணல் கட்டி வைத்துவிட்டார்கள். அருள்தாஸ் வெள்ளியைப் பிடித்தான்.

"சிரிங்கக்கா!"

எல்லோரும் சிரித்தார்கள், நடுவில் நின்ற நான் மட்டும் சிரிக்கவில்லை. மணி ஓடிக்கொண்டிருக்கிறது, எப்படிச் சிரிப்பேன்? கேமரா கம்மென்று இருந்தது.

"பொத்தானை அமுக்குலே!"

"தானா எடுக்கும்னு பாய் சொன்னாருக்கா. அமுக்கினா நாம எடுத்ததா ஆயிரும். அது எடுத்ததா ஆகாது."

"அமுக்கப் போறியா, இல்ல உன் மென்னியை அமுக்கவா?"

"கேப்டன் இன்னும் சிரிக்கல" என்று நல்லபெருமாள் சத்தமாக அறிவித்தான்.

எங்கள் அணியின் சாந்தகுமாரி என் இடுப்பில் குத்தினாள். "ஏட்டி, சிரிச்சுத் தொலையேன். இல்லன்னா நாம விளையாடப் போறது இவனுவகூடத்தான்."

அதைக் கேட்டு எனக்கு வந்த சிரிப்பு அடக்க முடியாத சிரிப்பு. மொத்த அணியும் குலுங்கியது. அருள்தாசும் சேர்ந்து குலுங்கினான். கேமரா 'க்ளிக்' என்றது.

படத்தில் சாம்பார் வடைகள் இரண்டு வரிசையாக நின்றன.

சங்கரபாகம் அதைப் பார்த்துத் தாடையைத் தடவினான். "கேமரா நல்ல கேமரா. அப்போ குறை அணியிலதான் இருக்கு. யக்கா, வேற பிள்ளைங்க கிடைப்பாங்களா?"

 சணலைப் பல்லால் கடித்து அறுத்து, கறுப்புக் கேமராவை எடுத்தேன். பேட்டரி கடைசி மூச்சில் இருந்தது, ஒரே ஒரு படத்துக்குத்தான் தாங்கும். அருள்தாஸ் கையில் கொடுக்க மனம் வரவில்லை. நடுவர் நாற்காலிமேல் வைத்து, தானாக எடுக்கும்படி டைமரைத் திருப்பினேன். ஓடிப்போய் நிற்பதற்கு முன்னால் மூவரிடமும் ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். அதுதான் நான் செய்த மடத்தனம்.

"கேமராவை விட்டுக் கண்ணை எடுக்காதீங்கலே!"

எடுக்கவே இல்லை. பின்னால் நின்றால் கேமராவின் முதுகுதானே தெரிகிறது? மூவரும் முன்பக்கம் வந்து, குனிந்து, தோளோடு தோள் ஒட்டி, லென்ஸ் கண்ணாடியையே உற்றுப் பார்த்தார்கள்.

'க்ளிக்.' பேட்டரி உயிரை விட்டது.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். அப்படி ஒரு தெளிவான படத்தை நான் பார்த்ததே இல்லை. சங்கரபாகத்தின் மீசையை முடி முடியாக எண்ணலாம். நல்லபெருமாள் காதுக்குப் பின்னால் என் ஜடை மட்டும் கொஞ்சம் தெரிந்தது.

ஜெசிந்தா மேடம் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "மூணு தடியன்களை அனுப்பறதுக்கு மங்கலா இருந்தாலும் பொண்ணுங்களை அனுப்பலாம்" என்று பெருமூச்சு விட்டார். திரும்ப எடுக்க நேரம் இல்லை. ஐந்து அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது வடைகள் கிளம்பிப் போயின.

ஆச்சரியம், இடம் கிடைத்துவிட்டது! வெள்ளிக் கேமராவோடு மன்றமும் எங்கள் பஸ்ஸில் ஏறிக்கொண்டது.

போட்டி நடக்கும் மைதானத்தின் வாசலில் கழுத்தில் விசிலோடு ஒரு அதிகாரி நின்றார். கையில் எங்கள் படத்தின் அச்சு. அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"இது நீங்க இல்லையேம்மா."

"நாங்கதான் சார்."

"இதுல நடுவுல நிக்கிற பொண்ணுக்கு மூணு கண்ணு இருக்கு. உங்களுக்கு ரெண்டுதானே இருக்கு?"

"சார், அது கேமரா ஆடினதால..."

"படத்துல இருக்கிற ஆளைத்தான் உள்ள விடணும்னு உத்தரவு. ஆள் மாறாட்டம்லாம் இங்க நடக்காது. ஒதுங்குங்க."

நான் வாதாடினேன். விதிமுறை சொன்னேன், தர்க்கம் சொன்னேன், கத்தியும் பார்த்தேன். அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டார். உள்ளே எங்கள் ஆட்டத்துக்கு அழைப்பு வந்துவிட்டது. சாந்தகுமாரி கண்ணில் தண்ணீர்.

அப்போது சங்கரபாகம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். படத்தை வாங்கி வெகுநேரம் உற்றுப் பார்த்தான்.

"அக்காமாரே, படத்துல இருக்கிற மாதிரி நின்னாத்தானே ஒத்து வரும்? ரெண்டு வரிசையா நின்னு கொஞ்சம் ஆடுங்க."

"எலே, உனக்கு..." என்று ஆரம்பித்தேன். எனக்குப் பின்னால் அணி ஏற்கெனவே ஆட ஆரம்பித்திருந்தது. நான் என்ன செய்ய? நானும் ஆடினேன்.

அதிகாரி படத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"ஆங், இப்ப சரியா இருக்கு. உள்ள போங்க, உள்ள போங்க. நடுவுல நிக்கிற அம்மா மட்டும் ஒரு நிமிஷம். இன்னும் கொஞ்சம் வேகமா ஆடுங்க. மூணாவது கண்ணு இன்னும் வரல."