வைத்தியருக்குக் கோபம் இல்லை

குளிர்மலை நாட்டு அரசர் கோதண்டவர்மருக்கு முகத்தில் அரிப்பு. அரசருக்கு அரித்தால் அரண்மனைக்கே அவஸ்தை. வேட்டைக்குப் போய் வெயிலில் அலைந்ததில் கன்னங்கள் சிவந்து தடித்துவிட்டன. தூக்கம் போயிற்று. தூக்கம் போனதும் பொறுமையும் போயிற்று. சமையல்காரர் உப்பைக் குறைத்தாலும் திட்டு வாங்கினார், கூட்டினாலும் வாங்கினார்.

அரண்மனை வைத்தியர் அம்பலவாணர் ஒரு பச்சைக் களிம்பைப் பூசினார். அரிப்பு அப்படியே இருந்தது. சிவப்புக் கன்னம் பச்சையாயிற்று. அவ்வளவுதான்.

அப்போது பொன்னுருவி என்ற பெண் அரண்மனைக்கு வந்தாள். மலைச்சரிவில் சீமைச்சாமந்தி பயிரிடுபவள் அவள். நம் ஊர்ச் சாமந்தியைவிடச் சிறிய பூ அது. நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெள்ளை. கூடை கூடையாகப் பூவைச் செம்பாலான வாலைப் பாத்திரத்தில் போட்டு ஆவியில் வடித்தால், சின்னக் குப்பி அளவுக்குத் தைலம் இறங்கும். தைலம் நீல நிறம்.

"நீலமா? விஷம்தான் நீலமாக இருக்கும்" என்றார் அம்பலவாணர்.

"மயிலும் நீலம்தான் ஐயா" என்றாள் பொன்னுருவி.

சில சொட்டுகளை நல்லெண்ணெயில் கலந்தாள். அரசர் கன்னத்தை நீட்டினார். அவள் கையைக் கேட்டாள்.

"முதலில் முழங்கை மடிப்பில் தடவணும் மகாராஜா. சிலருக்குச் சாமந்தி ஆகாது. நாளைக்குள் அங்கே அரிக்கவில்லை என்றால் முகத்தில் தடவலாம்."

"அரசனைக் காத்திருக்கச் சொல்கிறாயா?"

"நான் சொல்லவில்லை மகாராஜா. தோல் சொல்கிறது."

அரசர் காத்திருந்தார். மறுநாள் முகத்தில் தடவினாள். படுக்கை அருகே ஒரு கிண்ணத்தில் வெந்நீர் வைத்து, அதிலும் இரண்டு சொட்டு விட்டாள். அறை முழுதும் மெல்லிய வாசனை. அரசர் குறட்டை விட்டார். சில நாட்களில் சிவப்பும் தணிந்தது.

மகிழ்ச்சி தாங்காமல் அரசர் சபையில் முழங்கினார்: "இந்தத் தைலத்தின் வாசனை பட்டால் உலகத்தில் யாருக்கும் கோபமே வராது!"

பொன்னுருவி பதறிவிட்டாள். "மகாராஜா, நான் அப்படிச் சொல்லவில்லையே. தோல் எரிச்சல் தணியும், தூக்கம் வரும். அவ்வளவுதான் என் தைலம்."

"நான் சொல்லிவிட்டேனே" என்றார் அரசர்.

இதற்காகத்தான் காத்திருந்தவர் போல அம்பலவாணர் எழுந்தார். "அரசர் வாக்கு பொய்யாகக் கூடாது. நாளை சபையிலேயே தைலக் கிண்ணம் வைப்போம். வாசனை பட்ட பிறகும் யாராவது கோபப்பட்டால், அரசரை அப்படிச் சொல்ல வைத்த இந்தப் பெண் நாட்டை விட்டே போகட்டும்."

அரசர் யோசித்தார். மறுத்தால் தம் வாக்கையே தாம் நம்பவில்லை என்றாகும். "அப்படியே ஆகட்டும்" என்றார்.

பொன்னுருவி அழுதுகொண்டே ஆவுடையப்பரிடம் போனாள். அரசருக்கு யோசனை சொல்பவர் அவர். "ஐயா, சரிவு முழுக்க இப்போதுதான் பூத்திருக்கு. நான் போய்விட்டால் யார் பறிப்பார்கள்? வைத்தியர் நாளைக்கு வேண்டுமென்றே கோபப்படுவார். அதை யார் தடுக்க முடியும்?"

"தடுப்பானேன்? நன்றாகக் கோபப்படட்டும்" என்றார் ஆவுடையப்பர்.

மறுநாள் காலை அவர் அரசரிடம் சென்றார். "அரசே, கிண்ணத்தில் வெந்நீர் ஆறாமல் பார்த்துக்கொள்ள அந்தப் பெண் உங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அங்கே இருப்பது வைத்தியரின் இருக்கைதான்."

"அதிலேயே உட்காரட்டும். இது என் கட்டளை" என்றார் அரசர்.

சபை கூடியது. கிண்ணத்திலிருந்து ஆவி எழுந்தது. வாசனை எங்கும் பரவிய பிறகு, பொய்க் கோபத்தைத் தயாராக வைத்துக்கொண்டு அம்பலவாணர் வந்தார். தம் இருக்கையில் பொன்னுருவியைப் பார்த்தார். நிஜக் கோபமே வந்துவிட்டது. கைத்தடியைத் தரையில் வீசினார்.

"என் இருக்கையை இவளுக்குக் கொடுத்த மடையன் எவன்?"

"நான்தான்" என்றார் அரசர்.



ஆவுடையப்பர் மெல்ல எழுந்தார். "தைலம் தோற்றது அரசே. வைத்தியருக்குக் கோபம் வந்துவிட்டது. இனி நம் சபை வழக்கம் ஒன்றுதான் பாக்கி. இங்கே கோபப்பட்டவர், யார் மேல் கோபம் என்று சொல்ல வேண்டும். அந்த ஆள் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். சொல்லுங்கள் வைத்தியரே. யாரை எழுப்பட்டும்?"

வைத்தியர் அரசரைப் பார்த்தார். அரசர் வைத்தியரைப் பார்த்தார். வைத்தியருக்கு வியர்த்தது.

"உ... உம்மேல்தான் ஓய்!" என்றார் ஆவுடையப்பரிடம்.

"நான் வாயைத் திறக்கும் முன்பே தடி தரைக்குப் போய்விட்டதே."

"அப்படியானால் இவள் மேல்!"

"இவள் உட்கார்ந்தது கட்டளைப்படி. கட்டளை யாருடையது என்று இப்போதுதான் கேட்டீர்கள். பதிலும் வந்துவிட்டது. 'மடையன்' என்று ஒரு சொல்லும் காதில் விழுந்தது. அது யாரைச் சேரும் என்றும் அப்படியே சொல்லிவிடுங்கள்."

அரசர் எழுந்து நிற்பதற்காகச் சிம்மாசனத்தின் கைப்பிடியில் கை வைத்தார்.

"எனக்குக் கோபமே இல்லை!" என்று அலறினார் அம்பலவாணர். உத்தரத்தில் இருந்த புறாக்கள் பறந்தன. "கொஞ்சம்கூட இல்லை! யார் சொன்னது கோபம் என்று?"

ஆவுடையப்பர் சபையைப் பார்த்துக் கும்பிட்டார். "எல்லோரும் கேட்டீர்கள். இருக்கை போயிற்று, தடி போயிற்று, தொண்டையும் போகப்போகிறது. ஆனாலும் கோபம் வரவில்லை. இதைவிட ஒரு தைலம் என்ன செய்ய முடியும்?"

அரசர் சிரித்தார். சிம்மாசனம் ஆடும் அளவுக்குச் சிரித்தார். மலை ஓடையிலிருந்து பொன்னுருவியின் சரிவுக்கு வாய்க்கால் வெட்டித் தரச் சொன்னார். ஆவுடையப்பருக்குத் தம் சால்வையைப் போர்த்தினார்.

பிறகு வைத்தியர் பக்கம் திரும்பினார்.

"வைத்தியரே, நாளை முதல் உமது இருக்கை உமக்கே. இவ்வளவு சத்தமாகச் சாந்தமாக இருக்கும் மனிதரை நான் வேறு எங்கே போய்த் தேடுவேன்?"