மூன்று முறை விழும் கத்தரிக்கோல்

"முடியை வெட்டி என்னைத் துறவியாக்கிடுங்க, சாமி. எனக்கு ஆட்சியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

கேட்டவர் ரோஸ்திஸ்லாவ். பழைய ருஷ்ய தேசத்தில் ஒரு சிற்றரசர். ஐம்பது வயசு.

எதிரே இருந்தவர் மடத்துத் தலைவர் பகோமி. அவரைவிடப் பதினைந்து வயசு இளையவர். யாருக்கும் முகதாட்சண்யம் பார்க்காத ஆள்.

"என்ன கஷ்டம் உங்களுக்கு?"

"சோறு தண்ணி இறங்கலை. கண்ணை மூடினா தம்பி கூப்பிடறான்."

தம்பி பெயர் தாவீத். நாட்டில் பங்கு கேட்டான். 'வா, பேசி முடிச்சுக்கலாம், உன்மேல் ஒரு துரும்பும் படாது' என்று சிலுவையை முத்தமிட்டுச் சத்தியம் பண்ணித்தான் அண்ணன் அவனை வரவழைத்தார். வந்தவனைக் கோட்டை முற்றத்தில் நிறுத்தி, சுற்றிலும் மரக்கட்டைகளை அடுக்கிச் சுவர் எழுப்பிவிட்டார். கதவே கிடையாது. ரொட்டி போட ஒரு துவாரம், அவ்வளவுதான். ஆச்சு, ஒரு வருஷம்.

"துறவியாயிட்டா பழைய பாவம் ஒட்டாதாமே?"

பகோமி கத்தரிக்கோலை எடுத்தார்.

அங்கே ஒரு வழக்கம். தலைவர் கத்தரிக்கோலைக் கீழே போடுவார். துறவறம் கேட்டு வந்தவர் அதை எடுத்துத் தன் கையால் கொடுக்க வேண்டும். மூன்று தடவை. யாரும் பிடித்துத் தள்ளவில்லை, நானாகத்தான் வந்தேன் என்பதற்கு அது அடையாளம்.

போட்டார். குனிந்து பழக்கமில்லாத இடுப்பு. சிற்றரசர் முனகிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

மறுபடி போட்டார். கொடுத்தார். அப்பாடா, இன்னும் ஒன்றுதான்.

பகோமி கத்தரிக்கோலோடு வெளியே நடந்தார்.

"எங்கே சாமி?"

பனியில் கோட்டை வரைக்கும் நடை. பின்னாலேயே சிற்றரசர் மூச்சிரைக்க ஓடினார்.

முற்றத்து மூலையில் அந்தக் கட்டைக் கூடு. பகோமி துவாரத்துக்குள் கத்தரிக்கோலைப் போட்டார்.

"எடுத்துக் கொடுங்க."

"உள்ளே போக வழியில்லையே!"

"கட்டினது நானா?"

கூரான இரும்பு, அதுவும் தம்பி கையில்! ரோஸ்திஸ்லாவ் அங்கே நின்ற காவலாளியைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்க கையால," என்றார் பகோமி.

கையை உள்ளே விட்டார். தோள் வரைக்கும் போயிற்று. தரை எட்டவில்லை.

உள்ளே ஏதோ நகர்ந்தது. சில்லென்ற விரல்கள் அவர் மணிக்கட்டைப் பிடித்தன. தொலைந்தோம் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

உள்ளங்கையில் கத்தரிக்கோல் வந்து உட்கார்ந்தது. பிடி அவர் பக்கம், கூர் அவன் பக்கம்.

"என்னண்ணா, கை இப்படி மெலிஞ்சு போச்சு? சாப்பிடறதில்லையா?"

கையை வெளியே இழுத்தார். பகோமி கை நீட்டிக்கொண்டு நின்றார்.

"மூணாவது. கொடுங்க."

ரோஸ்திஸ்லாவ் கத்தரிக்கோலை இடுப்பில் செருகினார்.

"அது கிடக்கட்டும், சாமி." காவலாளியைப் பார்த்துக் கத்தினார். "டேய், கோடாலி கொண்டு வாடா! இந்தச் சுவரை நானே வெட்டறேன்!"