ஏழாவது பூச்சு

“அம்மா, எனக்கு மழைன்னா பயம்” என்றார் நல்லபெருமாள்.

அவருக்கு அறுபது வயது. மலையடிவாரத்துச் சின்ன மடத்தில் இருந்த கோமதியம்மைக்கு நாற்பதுதான். ஆனாலும் எட்டு வருஷமாக அவரைத்தான் குருவாக நினைத்து வந்துபோகிறார்.

“மழை உங்களை என்ன செஞ்சுது?”

“என்னை ஒண்ணும் செய்யலை. என் வீட்டு முகப்பு பூராவும் மரம். தூணு, படி, மாடித் தாழ்வாரம் எல்லாம் மரம். போன ஆனியில பக்கத்து வீட்டுத் தாழ்வாரம் சரிஞ்சு விழுந்துச்சு. தண்ணி இறங்கி உள்ளே இத்துப்போயிருக்கு, யாருக்கும் தெரியலை. ஒரு உசுரு போச்சு.”

நல்லபெருமாள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அதிலேருந்து பெயிண்ட் அடிச்சுக்கிட்டே இருக்கேன். இப்போ ஏழாவது பூச்சு. ஊசி நுழைய இடம் விடலை. ஆனா பயம் குறையலை அம்மா, கூடுது. மக பிரசவத்துக்கு வந்திருக்கா. மாடியிலதான் இருக்கா. அவ நடந்தா பலகை முனகுது. எனக்கு மூச்சு நின்னுபோகுது.”

கோமதியம்மை எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்.

“வீட்டைக் காட்டுங்க.”

வீடு நீலமாகப் பளபளத்தது.

கோமதியம்மை தூண் தூணாகத் தடவிக்கொண்டே போனார். மூன்றாவது தூணில், முழங்கால் உயரத்தில், பெயிண்ட் கொப்புளம் போல உப்பியிருந்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

விரல் உள்ளே போனது.

தண்ணீர் கசிந்தது. மழை நின்று ஒரு வாரம் ஆகியிருந்தது.

மேலே மகள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு நடந்தாள். பலகை முனகியது.

“செண்பகா” என்றார் நல்லபெருமாள். “செண்பகா! கீழே வாம்மா! சுவரோரமா வா!”

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவள் முற்றம் தாண்டி வேப்பமரத்தடியில் உட்காரும்வரை அவர் தாழ்வாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“ஏழு பூச்சு அடிச்சேனே அம்மா. எப்படி உள்ளே போச்சு?”

“முதல் பூச்சு என்னைக்கு அடிச்சீங்க?”

“பக்கத்து வீடு விழுந்த மறுநாளே.”

“மரம் காஞ்சிருந்துதா?”

அன்று விடியும்வரை மழை பெய்திருந்தது. “ஈரத்தோடதான் அடிச்சேன்” என்றார்.

தெருவில் போன நாலு பேரைக் கூப்பிட்டு, பனந்தடிகளால் தாழ்வாரத்துக்கு முட்டுக் கொடுத்தார்கள். பிறகு கோமதியம்மை ஒரு சுரண்டியை எடுத்துக்கொண்டார். இன்னொன்றை அவரிடம் நீட்டினார்.

சாயங்காலம்வரை சுரண்டினார்கள். பெயிண்ட் தோல் தோலாக உரிந்தது. அடியில் கருத்த மரம் சோறு மாதிரி குழைந்து வந்தது. இரண்டு விரற்கடை ஆழத்தில் சுரண்டியின் முனை மேற்கொண்டு இறங்காமல் வழுக்கியது.

கோமதியம்மை விரலை மடக்கித் தட்டினார். கெட்டியாகச் சத்தம் வந்தது.

தூண்கள் எல்லாம் வெற்று மரமாக நின்றன. மேற்கே வானம் கருத்தது.

நல்லபெருமாள் உள்ளே ஓடி பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாகத் திரும்பி வந்தார்.

கோமதியம்மை டப்பாவை வாங்கி மூடியை அழுத்தி மூடினார்.

“இப்போ மழை வந்தா?”

“நனையும்.”

“நனைஞ்சா?”

“காயும்.”

“அதுவரைக்கும் நான் என்ன செய்யட்டும் அம்மா?”

“மக தனியா இருக்கா. போய் பக்கத்துல உட்காருங்க.”